கேள்... அப்புறம் இன்னொரு தடவை கேள்!

"மல்லி வாங்கிட்டு வா."

இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் சண்டை போடலாம் தெரியுமா? தாராளமாக அரை மணி நேரம்! அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் "ம்ம்" என்கிறான். கடைக்குப் போகிறான், கொத்தமல்லித் தழை ஒரு கட்டு வாங்கி வருகிறான். அம்மாவுக்கு வேண்டியதோ சாம்பார்ப் பொடி அரைக்கக் கால் கிலோ தனியா. "சொன்னா காதுலயே வாங்கறதில்ல" என்று இவர். "நீதானே மல்லின்னு சொன்னே" என்று அவன். நடுவில் பாட்டி வேறு, "வெள்ளிக்கிழமையாச்சே, பூவைத்தான் கேக்கறாளோன்னு நெனச்சேன்" என்கிறார்!

இதில் யாருடைய காதிலும் பழுது இல்லை என்பதுதான் வேடிக்கை. சொன்ன வார்த்தை சேதாரம் இல்லாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தழையா, விதையா, பூவா என்ற ஒரு சின்ன விஷயம் மட்டும்தான் போகவில்லை. பையன் கேட்டான், ஆனால் கேட்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை வேறு மொழியில் சொல்வது கஷ்டம். தமிழில் காதால் கேட்பதும் 'கேள்', சந்தேகம் வந்து வினவுவதும் 'கேள்'. இரண்டு வேலைக்கும் ஒரே வினைச்சொல். இது தற்செயலா, முன்னோரின் ஞானமா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகச் செய்ய முடியாது என்பதை அன்றாடம் நடக்கும் சொதப்பல்கள் எல்லாமே காட்டிக்கொடுக்கின்றன. திருக்குறளில் 42-வது அதிகாரத்துக்குப் பெயரே 'கேள்வி'தான். அங்கே அதற்கு அறிவுடையவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது என்று பொருள். இன்றைக்கு அதே வார்த்தையை ஒரு கல்லூரி மாணவனிடம் சொன்னால் அவனுக்கு ஞாபகம் வருவது கேள்வித்தாள்! பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

'கேள்' என்பதற்கு மூன்றாவதாக இன்னொரு பொருளும் உண்டு. "சொன்ன பேச்சு கேக்கணும்" என்றால் கீழ்ப்படிய வேண்டும் என்று அர்த்தம். வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு அதிகமாகப் பழக்குவது இந்த மூன்றாவதைத்தான். "ஒழுங்கா கேளு" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். "எதுத்துக் கேக்காதே" என்றால்... அதற்கும் வாயை மூடு என்றுதான் அர்த்தம். இப்படி வாயை மூடப் பழகிய பிள்ளை எந்த மல்லி என்று எப்படிக் கேட்கும்?

அடுத்து எண்கள். அம்பதுக்கும் எம்பதுக்கும் இருக்கும் பகை உலகப் பிரசித்தம். எழுத்தில் ஐம்பது, எண்பது என்று கௌரவமாகத் தள்ளித் தள்ளி நிற்கும். பேச்சில் வந்ததும் இரண்டும் இரட்டைப் பிறவிகள். ஓடும் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு செல்பேசியில் கேட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு வகுப்புப் பிரதிநிதி அப்படிக் கேட்கிறான். தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் பேருந்துக்கு ஆளுக்கு 'எம்பது' ரூபாய் என்று ஆசிரியர் சொன்னது அவன் காதில் 'அம்பது' என்று விழுகிறது. 40 பேரிடம் வசூல் செய்து 2,000 ரூபாயைப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டுகிறான். வேண்டியது 3,200. குறைகிற 1,200 ரூபாய்க்காக ஒவ்வொரு பெஞ்சாகத் திரும்பவும் போய் நிற்பது இருக்கிறதே, அந்த வேதனை வசூல் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "எட்டு சைபர்தானே சார்?" என்று ஒரு கேள்வி. இரண்டு நொடி கூட ஆகாது.

விமானம் ஓட்டுபவர்கள் இந்தத் தொல்லைக்கு அந்தக் காலத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரேடியோ இரைச்சலில் ஆங்கில ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்கிறார்கள். போதாததற்கு, கட்டுப்பாட்டு அறையிலிருந்து முக்கியமான உத்தரவு வந்தால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "சரி" செல்லாது. 'கவனமாகக் கேளுங்கள்' என்ற உபதேசத்தை நம்பி அவர்கள் விமானத்தைப் பறக்க விடவில்லை.

கேட்டது சரியாகவே இருந்தும் கவிழ்க்கும் வகை ஒன்று உண்டு. "அடுத்த வெள்ளி டெஸ்ட்" என்று வாத்தியார் புதன்கிழமை சொன்னால் அது நாளை மறுநாளா, ஒன்பது நாள் கழித்தா? வகுப்பில் பாதி ஒன்று நினைக்கும், மீதி இன்னொன்று நினைக்கும். ஒருவருக்கும் சந்தேகமே வராது! ரயிலில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார். 15-ம் தேதி 00.15-க்குக் கிளம்பும் வண்டிக்கு 14-ம் தேதி ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். "பதினஞ்சாம் தேதி ராத்திரி பன்னெண்டே காலுக்கு வண்டி" என்று போனில் கேட்டுக்கொண்டவர் 15-ம் தேதி சாப்பிட்டுவிட்டு, தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போய் நிற்பார். வண்டி போய் 24 மணி நேரம் ஆகியிருக்கும். சொன்னவரும் பொய் சொல்லவில்லை, கேட்டவருக்கும் செவிடு இல்லை.

சந்தேகம் வந்தால் கேட்கலாம். சந்தேகமே வராத இடத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் திருப்பிச் சொல்வது. "அப்போ பதினாலாம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டு கெளம்பினா சரியா இருக்கும், இல்லையா?" என்று தன் வாயால் சொல்லிப் பார்க்கும்போதுதான் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரே படம் ஓடுகிறதா என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் கேட்பதற்கு அடையாளமாக ஒரு சத்தம் இருக்கிறது. 'உம்' கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது பேரன் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றுவிட்டால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அருமையான ஏற்பாடுதான். ஆனால் தூக்கத்திலேயே உம் கொட்டும் வித்தையைப் பேரன் நாலே நாளில் கற்றுக்கொண்டுவிடுவான். தொலைபேசியில் பேசிக்கொண்டே வேறு வேலை பார்ப்பவர்கள் இந்த வித்தையில் டாக்டர் பட்டமே வாங்கியவர்கள். அந்த வகையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்பதோடு விடுவதில்லை, அந்த வரியையே திருப்பிப் பாடுவார்கள், நடுவில் "அப்புறம் என்னாச்சு?" என்று கேள்வியும் போடுவார்கள். தூங்கிக்கொண்டே பின்பாட்டுப் பாட முடியாது :-)

'கவனம் இல்லை' என்ற குற்றச்சாட்டையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இரண்டு அணிகள் கூடைப்பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடும் ஒரு படம். வெள்ளைச் சட்டை அணி எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, போய்விடுகிறார். பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் வந்ததே தெரியவில்லை! இத்தனைக்கும் அவர்கள் பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள், பந்தை. கவனம் என்பது டார்ச் லைட் மாதிரி. ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் இருட்டுதான். அதனால் "கவனமா இரு" என்று மொட்டையாகச் சொல்வதில் புண்ணியமே இல்லை. எதில் என்று சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால்தான் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுபவர்கள் "கையில் போன் இல்லை, இயர்போனில்தான் பேசுகிறேன்" என்று சொல்லும் சமாதானமும் எடுபடாது. வண்டி ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து 2001-ல் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற இருவர் செய்த ஆய்வில், போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் சிக்னலைத் தவறவிடுவது கூடத்தான் செய்தது. சிக்கல் கையில் இல்லையே, பேச்சில் போய்விட்ட கவனத்தில் அல்லவா இருக்கிறது!

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். எல்லாம் அப்படி முடிவதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறையவில்லை என்று மருத்துவர் வேறு மாத்திரை எழுதுகிறார். "இனிமே இந்த மாத்திரை போடுங்கம்மா, காலைல ஒண்ணு." பாட்டி "சரிங்க டாக்டர்" என்கிறார். மருத்துவரின் கை ஏற்கனவே மணியில் இருக்கிறது, அடுத்த ஆள் கதவைத் திறந்தாகிவிட்டது. கூடப் போன பேரன் கையிலிருக்கும் போனில் மூழ்கியிருக்கிறான். மறுநாளிலிருந்து பாட்டி காலையில் இரண்டு மாத்திரை போடுகிறார், பழையது ஒன்று, புதியது ஒன்று. "இனிமே இது" என்றால் பழையதோடு இதுவும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் தலைசுற்றல். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒருநாள் விடியற்காலையில் குளியலறையில் விழுகிறார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது பல வீடுகளுக்குத் தெரியும்.

இங்கே யார் தப்பு? பாட்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். "அப்போ பழசை நிறுத்திடணுமா?" என்று மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? படித்தவர், பெரிய டாக்டர், அவ்வளவு கூட்டம் வெளியே காத்திருக்கிறது, கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்தான். 'பேச்சு கேட்டு' வளர்ந்த தலைமுறையின் பயம். அதனால் இதைப் பாட்டியின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனேயே மறந்துபோய்விடுகிறது என்று 2003-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. இதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் மருந்து ரொம்பச் சாதாரணமானது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேள். பாட்டி "பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு" என்று சொல்லியிருப்பார். அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை ஒழித்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று தோன்றுகிறது. அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், "புரிஞ்சுது சார்". 60 பேர் ஒரே குரலில் சொல்வார்கள். தேர்வுத் தாள் திருத்தும்போதுதான் வாத்தியாருக்கு அதன் முழு அர்த்தம் தெரியும்.

மேலே இருப்பவரிடம் திரும்பக் கேட்கத் தயங்குவதும், கீழே இருப்பவர் கேட்பதை மேலே இருப்பவர் காதில் போட்டுக்கொள்ளாததும் எவ்வளவு தூரம் போகும்? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவில் அது 583 உயிர்கள் வரை போனது. கனத்த மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம், மற்றது அமெரிக்காவின் பான் ஆம். கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதியைத்தான் கட்டுப்பாட்டு அறை கேஎல்எம்முக்குக் கொடுத்தது. அந்த வாக்கியத்துக்குள் 'டேக் ஆஃப்' என்ற வார்த்தையும் இருந்தது. கிளம்பவே அனுமதி கிடைத்துவிட்டது என்று கேப்டன் எடுத்துக்கொண்டார் (அதே மல்லிக் கதைதான், ஒரு சொல், இரண்டு பொருள்). 'பொறு' என்று கட்டுப்பாட்டு அறை சொன்னபோதே பான் ஆமும் பேசியதால் இரண்டு குரலும் மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் வெறும் கீச்சென்ற சத்தம்தான் விழுந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. கேஎல்எம்மின் விமானப் பொறியாளர் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். கேட்டது யாரிடம்? அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சி விமானி, அதன் விளம்பரங்களில் முகம் காட்டியவர். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. சில நொடிகளில் மோதல்.

அதற்கப்புறம் விமான உலகம் இரண்டு காரியங்கள் செய்தது. நிஜமாகவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போது தவிர (அல்லது அதை ரத்து செய்யும்போது தவிர) 'டேக் ஆஃப்' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டு அறை வாயில் எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். இன்னொன்று, சின்னவர் துணிந்து கேட்பதையும் பெரியவர் அதைக் கேட்பதையும் பாடமாகவே வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1979-ல் நாசா கூட்டிய ஒரு பட்டறையில் தொடங்கி, 1981-ல் யுனைடெட் நிறுவனம் முதலில் அந்தப் பயிற்சியை நடத்தியது. கேட்பதற்குப் பயிற்சியா என்று சிரிக்காமல், கேப்டன்கள் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் வெளிநாட்டுக்குப் போவானேன், இந்திய ரயில்வேயில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று பல காலமாக இருக்கிறது. சிக்னலோடு பூட்டு இணைப்பு இல்லாத லெவல் கிராசிங்கில், கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாய்வார்த்தையாகச் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து 'பிரைவேட் நம்பர்' என்ற ஒரு எண்ணையும் சொல்ல வேண்டும். அது வரிசையாக வராது, யூகிக்க முடியாது, ஒருமுறை கொடுத்ததை அடித்துவிட வேண்டும். மாஸ்டர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டிக்கு வழி. பதவியில் எங்கோ கீழே இருக்கும் ஒருவர் வாயிலிருந்து அந்த எண் வரும்வரை, மாஸ்டருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். உம் கொட்டினால் வண்டி நகராது!

உணவகத்தில் சர்வர் செய்வதும் இதேதான். "ரெண்டு மசால் தோசை, ஒரு ரவா, ஒரு பொங்கல், சாம்பார் தனியா" என்று ஒப்பிப்பார். பசியில் இருப்பவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நெதர்லாந்தில் 2003-ல் வெளியான ஒரு ஆய்வில், வாடிக்கையாளர் சொன்ன அதே வார்த்தைகளில் ஆர்டரைத் திருப்பிச் சொன்ன பணிப்பெண்ணுக்கு டிப்ஸ் அதிகம் விழுந்தது. தன் பேச்சு இன்னொருவர் வாயிலிருந்து அப்படியே திரும்பி வரும்போது, நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள் என்று மனிதனுக்கு ஒரு சந்தோஷம் வருகிறது போலும்.

"சும்மா சும்மா திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பைத்தியம் பிடிக்காதா?" என்று ஒரு எதிர்க்கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மூன்றாவது தடவையும் "ஆங்? என்ன சொன்னே?" என்பவரை யாருக்கும் பிடிக்காது. அவர் செய்வது கேட்பதே இல்லை. தன் வேலையை எதிராளியின் தொண்டையில் ஏற்றிவைக்கிறார், அவ்வளவுதான். "எம்பதுன்னு காதுல விழுந்துச்சு, சரியா?" என்பவரிடம் எரிந்துவிழ யாருக்கும் மனசு வராது. தன் பங்கைச் செய்துவிட்டு மீதியைக் கேட்கிறார் அல்லவா. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இரண்டு பேரையும் ஒரே மாதிரி "எத்தனை தடவை சொல்றது?" என்று விரட்டுவதுதான் வீட்டிலும் வகுப்பிலும் நடக்கும் தப்பு. அந்த விரட்டலுக்குப் பயந்து இரண்டாமவர் மெல்ல உம் கொட்டப் பழகிக்கொள்கிறார்.

வகுப்பில் இதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கலாம். பாடம் முடிகிறது. "எனி டவுட்ஸ்?" மயான அமைதி. கடைசிக்கு முந்தைய பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி மேலே வருகிறது. "சார், அந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?" முன்னால் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னால் ஒருவன் "ஆரம்பிச்சுட்டாண்டா" என்கிறான். வாத்தியார் கரும்பலகையைப் பார்க்கிறார், ஒரு நிமிடம் யோசிக்கிறார், டஸ்டரை எடுத்து ஒரு குறியை மாற்றிப் போடுகிறார். சிரித்த நாலு பேரும் சத்தம் காட்டாமல் நோட்டைத் திறந்து அடித்து எழுதுகிறார்கள்.